மெட்டுகள் ஒன்றுபோல ஒலிக்கும்போது நிறுத்துவதா, தொடர்வதா?

கடலோரக் கீபோர்ட் (வெள்ளவத்தை):

வணக்கம். சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து இணையத்தில் வெளியிட்டு வருகிறேன். சில மாதங்களாக நான் போடும் மெட்டுகள் யாவும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பல்லவி பஞ்சமத்தில் ('ப' சுரத்தில்) தொடங்கிக் கீழிறங்குகிறது. அதற்கு அடியில் ஏ மைனர், எஃப், சி, ஜி என்ற அதே நான்கு கோர்ட்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரத்தொகுப்புகள்) சுற்றி வருகின்றன. எட்டு பார் (தாளப் பகுதி) நீளத்தில் திரும்பத் திரும்பச் சுற்றும் லூப் ஒன்று அமைந்ததும் அதைத் தாண்டிச் சரணத்துக்குள் நுழைய மனம் வருவதில்லை. இசையை விட்டுவிடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இந்தச் சோர்வு தீரச் சிறிது காலம் முழுவதுமாக நிறுத்தி வைப்பதா, அல்லது வருகிறதோ இல்லையோ நாள்தோறும் உட்காருவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

மந்தரசுருதி (பம்பலப்பிட்டி):

தம்பி, நிறுத்துங்கள் என்பதே என் கருத்து. பல ஆண்டுகளாக வீணை கற்பிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: மெட்டு வெறுமையிலிருந்து வருவதில்லை, காதில் சேர்ந்து கிடப்பதிலிருந்துதான் வருகிறது. வீட்டில் தனியாக ஒலிப்பதிவு செய்பவர் தம் பாட்டையே மிக்ஸிங் (பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்தல்) செய்வதற்காகத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அப்படியே மாதக்கணக்கில் போனால் காதில் அவருடைய பாட்டைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. அந்த நிலையில் உட்கார்ந்தால் பழைய மெட்டைத் தவிர வேறு என்ன வரும்?

முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் கேட்டவர். இராக இலக்கணத்தில் அவருக்கு இருந்த புலமைக்கு அந்த மெட்டுகள் எவ்விதத்திலும் தேவைப்படவில்லை. ஆயினும் அவற்றைச் செவிமடுத்து, சங்கராபரண இராகத்துக்குள் வைத்து, சமஸ்கிருத வரிகள் சேர்த்து நொட்டுசுவரங்கள் எனப்படும் பாடல்களாக ஆக்கினார். வேறொருவரின் இசைக்குக் காதைக் கொடுக்க அவர் தயங்கவில்லை. கொழும்பில் இருக்கும் நமக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. ஆடிவேல் ஊர்வலத்தின் நாதஸ்வரமும் தவிலும், கொட்டாஞ்சேனைத் தேவாலயங்களின் பாடகர் குழுக்களும், பெப்ரவரியில் கங்காராமய விகாரையின் நவம் பெரஹர ஊர்வலத்தில் முழங்கும் கெட்டபெர மேளமும் ஒரே நகரத்துக்குள் கிடைக்கின்றன. சில மாதங்கள் எதையும் உருவாக்காமல் இவற்றைக் கேட்டு வாருங்கள். பதிவுசெய்ய வேண்டாம், மாதிரியாக வெட்டி எடுக்கவும் வேண்டாம். கேளுங்கள், அவ்வளவுதான்.

ஆதிதாளம் (தெஹிவளை):

அக்கா கேட்கச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, நிறுத்தச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. நிறுத்துபவர் எல்லோரும் திரும்பி வருவதில்லை. ஃபின்லாந்தின் சிபேலியஸ் ஏழு சிம்பொனிகளை எழுதி உலகப் புகழ் பெற்ற பின்னர், 1920களின் இறுதிக்குப் பிறகு பெரிய படைப்பு எதையும் வெளியிடாமலேயே 1957 வரை வாழ்ந்து மறைந்தார். எட்டாவது சிம்பொனியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் அதை அவர் வெளிவர விடவில்லை. அவ்வளவு பெரிய மேதைக்கே மௌனம் மீண்டும் வழி திறக்கவில்லை என்றால், வேலை முடித்து வந்து இரவில் இசையமைக்கும் நம்மைப் போன்றவர்களுக்குப் பழக்கம் அறுந்துபோவது எவ்வளவு ஆபத்தானது என்று எண்ணிப் பாருங்கள்.

சோர்வுக்கு மருந்து ஓய்வு அன்று, கட்டுப்பாடு. கோடீஸ்வர ஐயர் 72 மேளகர்த்தா (தாய்) இராகங்களிலும் முருகன்மீது தமிழில் கீர்த்தனை செய்தார். அவற்றுள் 40 மேளங்கள் விவாதி மேளங்கள், அதாவது நெருங்கிய சுரங்கள் ஒன்றோடொன்று மோதுபவை. தோஷம் உண்டென்று பலர் நெருங்காமல் விட்டுவைத்தவை. கல்யாணியும் தோடியும் தரும் வசதிக்குள்ளேயே அவர் நின்றிருந்தால் அந்த இராகங்களின் வடிவத்தைத் தமிழ்ப் பாட்டில் நாம் எங்கே போய்க் கேட்டிருப்போம்? கைக்குப் பழகாத ஒன்றை வலிந்து ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடர்வதே புதுமைக்கு வழி.

ஒலிமேசை (கொட்டாஞ்சேனை):

இருவரும் மனச்சோர்வைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒலிப்பதிவுக் கலையகத்தில் வேலை செய்பவன் என்பதால் செவிச்சோர்வைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் தம்பி தவறான நோய்க்கு மருந்து தேடுவார்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் காலி வீதியின் வாகன இரைச்சல் ஒருபுறம், கரையோர ரயில் மறுபுறம். அவற்றை மறைக்க ஹெட்ஃபோனின் ஒலியளவு தன்னையறியாமலே கூடிக்கொண்டு போகும். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியை ஒருவர் நாளுக்கு 8 மணிநேரம் வரை கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 88 டெசிபலுக்கு 4 மணிநேரம், 94 டெசிபலுக்கு 1 மணிநேரம் மட்டுமே. இதைத் தாண்டினால் கேட்கும் திறன் தற்காலிகமாக மங்கும். பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களே முதலில் மழுங்குவதால், அந்நேரத்தில் எந்தப் பாட்டும் உயிரற்று, சப்பென்று ஒலிக்கும். உடனே இன்னும் ஒலியைக் கூட்டத் தோன்றும். கூட்டியதும் அதே மெட்டு சற்று நேரம் சிறப்பாக இருப்பதுபோல் இருக்கும், ஏனெனில் தாழ்ந்த ஒலியளவில் நம் காது தாழ்சுரங்களைக் குறைவாகவே உணர்கிறது என்பதை 1933இலேயே ஆய்வாளர்களான ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே, "என் பாட்டு சலித்துவிட்டது" என்று இரவு பதினொரு மணிக்கு எடுக்கும் தீர்ப்பை நம்ப வேண்டாம். மெட்டமைக்கும் நேரத்தையும் மிக்ஸிங் செய்யும் நேரத்தையும் வெவ்வேறு நாட்களுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

மந்தரசுருதி:

ஒலிமேசை சொன்னது பெரிதும் பயனுள்ளது. ஆதிதாளத்தின் வாதத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சிபேலியஸைக் காட்டினால் நான் இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினியைக் காட்டலாம். 1829க்குப் பின் ஓபரா (இசை நாடகம்) எழுதுவதையே விட்டுவிட்ட அவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, முதுமையில், பியானோவுக்கும் குரலுக்கும் 150க்கு மேற்பட்ட சிறு உருப்படிகளை மகிழ்ச்சியோடு எழுதினார். அதனால் மௌனம் எல்லோரையும் விழுங்கிவிடும் என்று விதி செய்ய முடியாது. மேலும், 72 மேளங்களிலும் பாடிய கோடீஸ்வர ஐயருக்கு வாரந்தோறும் ஒன்றை வெளியிட வேண்டும் என்ற நெருக்கடி இருக்கவில்லை. இன்றைய இளைஞருக்கு அது இருக்கிறது. கட்டுப்பாட்டின் மீது எனக்குப் பகையில்லை. களைத்துப் போனவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றி அதற்குச் சாதகம் (இசைப் பயிற்சி) என்று பெயரிடுவதையே எதிர்க்கிறேன்.

ஆதிதாளம்:

வாரந்தோறும் வெளியிடும் நெருக்கடி இன்றைக்குப் பிறந்தது அன்று, அக்கா. 1723இல் லைப்சிக் நகருக்குப் பணியேற்று வந்த ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், முதல் சில ஆண்டுகள் ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு கன்டாட்டா (தேவாலயப் பாடற்படைப்பு) என்ற வேகத்தில் எழுதினார். ஆனால் அவர் ஒவ்வொன்றையும் புதிதாகவே செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரச குடும்பத்து விழாக்களுக்கு எழுதிய மெட்டுகளை எடுத்து, வேறு சொற்கள் இட்டு, 1734இல் கிறிஸ்து பிறப்புக்கான பெரும் படைப்புக்குள் சேர்த்தார். தன் பழைய மெட்டுக்குத் திரும்புவது அவருக்குக் குற்றமாகத் தோன்றவில்லை. "ஒன்றுபோல ஒலிக்கிறது" என்ற அச்சமே தம்பியின் சோர்வில் பாதி என்று நினைக்கிறேன்.

சுமை என்கிறீர்கள், ஆகவே எவ்வளவு சிறிய கட்டுப்பாட்டைச் சொல்கிறேன் என்று காட்டிவிடுகிறேன். தம்பி தந்த நான்கு கோர்ட்டுகளின் சுரங்களும் ஏயை ஆதார சட்ஜமாக ('ச'வாக) கொண்ட நடபைரவி இராகத்துக்குள் அடங்குபவை. அதில் ஒரேயொரு சுரத்தை மாற்றுங்கள்: கைசிகி நிஷாதத்தை (தாழ்ந்த 'நி') விட்டுக் காகலி நிஷாதத்தை (உயர்ந்த 'நி') பிடியுங்கள். இராகம் கீரவாணியாகிவிடும். இப்போது சி, ஜி ஆகிய இரண்டு கோர்ட்டுகளும் பொருந்தாமல் உடைந்துவிடும், ஏனெனில் இரண்டிலும் பழைய நிஷாதம் இருக்கிறது. நான்கில் இரண்டு போனதும் விரல்கள் பழக்கத்தில் ஓட முடியாது. அடுத்து, பல்லவியைத் தாளம் தொடங்கும் சமத்தில் தொடங்காமல் ஒன்றரை அட்சரம் (தாள எண்ணிக்கை) தள்ளி எடுங்கள். பஞ்சமத்தில் தொடங்கிக் கீழிறங்கும் அந்த வரி அங்கே உட்காராது, சொற்கள் வேறிடத்தில் அழுத்தம் கேட்கும். இதற்கு அரைமணி நேரம் போதும். 2022இல், மார்ச் 31 அன்று 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற அந்தக் காலத்தில், கணினி இல்லாமல் கைத்தாளமும் குரலுமாக இப்படித்தான் நான் பாட்டுக் கட்டினேன். லூப்பைச் சுற்ற விட்டுக் காத்திருக்க வழியில்லாதபோது பல்லவிக்குப் பின் சரணத்தை நானே பாடித்தான் ஆக வேண்டியிருந்தது.

நெய்தல் (மட்டக்குளி):

ஒன்று சேர்க்க விரும்புகிறேன். ஏற்கெனவே இருக்கும் கணினிக் கோப்பையே திறந்து, அதே டிரம்ஸ், அதே எதிரொலி, அதே வேகத்தில் வேலை தொடங்கும் பழக்கம் இருந்தால் இராகத்தை மாற்றினாலும் பாட்டு பழையதாகவே கேட்கும். வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்குங்கள்.

கடலோரக் கீபோர்ட்:

எல்லோருக்கும் நன்றி. நெய்தல் சொன்னது முற்றிலும் உண்மை, ஒரே கோப்பைத்தான் ஒவ்வொரு முறையும் திறக்கிறேன். காகலி நிஷாதத்தை நேற்றிரவே பாடிப் பார்த்தேன். ஜி கோர்ட்டை நோக்கி விரல் போவதும் நின்றுவிடுவதும் எனக்கே தெரிந்தது. இன்னும் பாட்டாகவில்லை, ஆனால் பல்லவி முதன்முறையாக மேலே ஏறுகிறது. மந்தரசுருதி அக்கா, உருவாக்குவதை நிறுத்த எனக்கு மனமில்லை. வெளியிடுவதை மட்டும் தைப்பொங்கல் வரை நிறுத்தி வைக்கிறேன். ஒலிப்பதிவும் சனிக்கிழமைகளில் மட்டும்தான், அதுவும் பகலில்.

மந்தரசுருதி:

வெளியிடுவதை நிறுத்தியதே பெரிய காரியம், தம்பி. ஆனாலும் என் கருத்தில் மாற்றமில்லை: கீரவாணியை நீங்கள் பாடத் தொடங்கும் முன் பிறர் பாடி நிறையக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சுரத்தை மட்டும் மாற்றினால் கிடைப்பது அளவுகோல் (வெறும் சுரவரிசை), இராகம் அன்று. ஞாயிறுகளில் எங்கள் வகுப்புக்கு வந்து பின்னால் உட்காருங்கள். இந்த மாதம் பிள்ளைகள் கீரவாணி வர்ணம் ஒன்றைத்தான் வாசிக்கிறார்கள்.

ஆதிதாளம்:

அளவுகோலாக இருந்தாலும் பாதகமில்லை, மெல்லிசைக்கு அது போதும் என்பது என் கட்சி. அதைப் பற்றித் தனியாகவே வாதிடலாம், அக்கா. தம்பி வகுப்புக்குப் போகட்டும், ஆனால் அன்றைய இரவும் அரைமணி நேரம் உட்காரட்டும்.