ஓ'நீல் சின்னத்தில் இருப்பது எந்தக் கை?

கடலோடி: அயர்லாந்தின் பழைய குலமான ஓ'நீல்களின் சின்னத்தைப் பற்றி வேறொரு இழையில் கொடிமரம் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல். "ஓ'நீல் என்ற பெயர் இருந்தால் போதும், அந்தச் சிவப்புக் கைச் சின்னம் உங்களுடையது. படகுப் போட்டியில் முதலில் கரையைத் தொட மூதாதை இடது கையை வெட்டி எறிந்தார்" என்கிறார். சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான், பெயருக்கு அல்ல. யாருக்கு எந்தச் சின்னம் என்று பார்க்கவென்றே 1552-ல் அயர்லாந்தில் உல்ஸ்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அதிகாரி பதவி வந்தது. அதோடு, அது வலது கை.

கொடிமரம்: வந்துவிட்டார் வாத்தியார். 1943-ல் அந்த அலுவலகம் ஐரிஷ் அரசிடம் வந்ததும் பொறுப்பேற்ற எட்வர்ட் மக்லைசட், குலத்தார் குலச் சின்னத்தை வீட்டில் மாட்டிக்கொள்வதில் தப்பில்லை என்றார். அவரைவிட உங்களுக்குத் தெரியுமோ? கை இடதுதான். வலது கையில் வாள் இருந்தால் எதை வெட்ட முடியும்?

கடலோடி: மாட்டிக்கொள்வது வேறு, உரிமை வேறு. மக்லைசட் சொன்னதும் அதைத்தான்.

கொடிமரம்: கைக்குப் பதில் எங்கே?

பழையபேப்பர்: இடது கை பாரோனெட்டுகளுக்கானது, அதாவது பரம்பரைப் பட்டம் பெற்றவர்களுக்கு. அயர்லாந்தின் வடபகுதியான உல்ஸ்டரைக் காக்க 30 படைவீரர்களின் மூன்று வருடச் செலவைக் கட்டினால் பட்டம் என்று 1611-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் ஆரம்பித்தது. ஓ'நீல்களோ 14-ஆம் நூற்றாண்டிலேயே முத்திரையில் கை வைத்திருந்தார்கள். இரண்டையும் குழப்புகிறீர்கள்.

கொடிமரம்: ஆக, இடது கை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

பழையபேப்பர்: ஐயா, அது பாரோனெட் கை! ஓ'நீல் கேடயத்தில் உள்ளங்கை நம்மைப் பார்க்கிறது, கட்டைவிரல் நமக்கு வலப்பக்கம். உங்கள் கையைத் தூக்கிப் பாருங்கள்.

கொடிமரம்: தூக்கிப் பார்த்தேன். அது புறங்கை. புறங்கை என்றால் இடது.

கடலோடி: புறங்கையா? கேடயத்தில் சிங்கம், மீன் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளங்கை மட்டும் தெரியவில்லையாக்கும்.

கொடிமரம்: சிங்கத்தை ஏன் இழுக்கிறீர்கள்? போன வருஷம் வைக்கிங் தொப்பிக்குக் கொம்பு இல்லை என்று ஐம்பது பதிவு போட்டவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

கடலோடி: கொம்பு இல்லைதான்.

சும்மாவந்தேன்: கின்னஸ் பீர் பாட்டிலில் இருக்கும் யாழும் அயர்லாந்து அரசுச் சின்னமும் ஒன்றா?

பழையபேப்பர்: திசை வேறு. கின்னஸ் 1876-லேயே யாழை வணிகச் சின்னமாகப் பதிந்துவிட்டது. அரசு தன் யாழைத் திருப்பி வைத்துக்கொண்டது.

கொடிமரம்: பார்த்தீர்களா, யாழையே திருப்பலாம். கையைத் திருப்ப முடியாதா?

பழையபேப்பர்: இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

கொடிமரம்: சொல்ல ஒன்றும் இல்லை என்றால் இடது என்று எழுதுங்கள். என் சுவரில் ஓ'நீல் கேடயம் மாட்டியிருக்கிறது, தினமும் பார்க்கிறேன்.

கடலோடி: நீங்கள் ஓ'நீலா?

கொடிமரம்: பேச்சை மாற்றாதீர்கள்.

சும்மாவந்தேன்: அந்தக் கேடயத்தைப் படம் எடுத்துப் போடுங்களேன்.

கொடிமரம்: எதற்கு? புறங்கை என்று ஒருதரம் சொன்னால் போதாதா? வைக்கிங் இழையிலும் இப்படித்தான் படம் கேட்டார்கள், போட்டதும் படமே போலி என்றார்கள்.

கடலோடி: அது போலிதான்.