பென் டிரைவில் எல்லாக் கோப்பும் சரியாக 2:30 மணி நேரம் பழசாகத் தெரிகிறது. சிங்க் கொடுக்கலாமா?

பேரேடு:
வணக்கம். சென்னை அலுவலக டெஸ்க்டாப்பிலும் என் லேப்டாப்பிலும் ஒரே கணக்கு ஃபோல்டர். நடுவில் தூது போவது 32 ஜிபி பென் டிரைவ் (ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்). இரண்டிலும் விண்டோஸ், ஃப்ரீஃபைல்சிங்க் (இரண்டு ஃபோல்டரை ஒப்பிட்டு ஒன்றுபோல் ஆக்கும் மென்பொருள்), 'டூ வே' முறை (எந்தப் பக்க மாற்றமும் மறுபக்கம் போகும்). லேப்டாப்பை சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து நேர மண்டலத்தை மாற்றியதிலிருந்து, கம்பேர் கொடுத்தால் 11,800 கோப்பும் வேறுபடுகிறது என்கிறது. அளவு ஒரு பைட்கூட மாறவில்லை. நேரம் மட்டும் பென் டிரைவில் 2:30 மணி பின்னால். அப்படியே எஃப்9 தட்டி சிங்க் கொடுக்கலாமா?
இன்னொரு தொல்லை: அழித்த கோப்புகள் சில சமயம் திரும்ப முளைக்கின்றன. என்ன காரணம்?

அரைபைட்:
தட்டாதீங்க. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, டிரைவும் கெடவில்லை. லேப்டாப்பின் வட்டு என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்; அது நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதி வைக்கும். மண்டலம் மாறினால் காட்டும் நேரம் மட்டும் மாறும். ஃபேட்32 அப்படி இல்லை. எழுதும்போது சுவர்க் கடிகாரம் என்ன சொன்னதோ அதை அப்படியே பதித்துக்கொள்ளும், எந்த ஊர் கடிகாரம் என்ற குறிப்பு அதில் கிடையாது. சென்னையில் காலை 10:00 மணிக்குச் சேமித்த கோப்பு பென் டிரைவில் வெறும் '10:00'. சிங்கப்பூர் லேப்டாப் அதைச் சிங்கப்பூர் 10:00 என்று படிக்கிறது. அதே கோப்பின் வட்டுப் பிரதியை 12:30 என்று காட்டுகிறது. உங்கள் 2:30 அங்கேதான் வருகிறது.

இது வெறும் கண்கட்டு என்று விட்டுவிடவும் முடியாது. திரும்பும் வழியில்தான் வினை. சிங்கப்பூரில் 12:00 மணிக்குச் சேமித்தது சென்னை நேரப்படி 9:30. டெஸ்க்டாப்போ அதைச் சென்னை 12:00 என்று படிக்கும். அதே கோப்பை அலுவலகத்தில் யாராவது 11:00 மணிக்குத் திருத்தியிருந்தால், உண்மையில் பிந்தியது அவருடையது. ஆனால் பென் டிரைவில் இருப்பதுதான் புதுசு என்று கருவி நினைக்கும். டேட்டாபேஸ் (போன சிங்க்கில் எந்தக் கோப்பு எப்படி இருந்தது என்று கருவி வைத்திருக்கும் பதிவு) சரியாக இருந்தால் இரண்டு பக்கமும் மாறியது தெரிந்து 'மோதல்' என்று நிறுத்தி உங்களைக் கேட்கும். டேட்டாபேஸ் இல்லையென்றால் புதுசு பழசை அழிக்கும் என்ற விதிதான். 11:00 மணி வேலை போச்சு.

செய்ய வேண்டியது: எஃப்6 தட்டி ஒப்பிடும் முறையை 'கோப்பின் உள்ளடக்கம்' என்று மாற்றி ஒரே ஒரு தடவை கம்பேர் ஓட்டுங்கள். மொத்தம் 20 ஜிபி, டிரைவ் நொடிக்கு 30 எம்பி படிக்கும் என்றால் 11 நிமிடம். சின்னச் சின்னக் கோப்பு நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும். உண்மையாக வேறுபடுகிறவை மட்டும் மிஞ்சும். அவற்றைப் பார்த்து முடித்ததும் 'நேரமும் அளவும்' முறைக்குத் திரும்பி, அதே பக்கத்தில் 'நேர விலகலைப் பொருட்படுத்தாதே' என்ற பெட்டியில் 2:30 என்று போடுங்கள். டெஸ்க்டாப்பிலும் போட வேண்டும்.

நீலத்திரை:
மேலே சொன்னது சரி, ஆனால் 2:30 போடுவது ஒட்டுப்போடுவதுதான். நாளைக்கு துபாய் போனால் 1:30 சேர்க்க வேண்டும். எல்லாம் விண்டோஸ் என்றால் பென் டிரைவை என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்துவிடுங்கள். மேக், டிவியிலும் செருகுவதானால் எக்ஸ்ஃபேட். அதில் நேரத்தோடு மண்டல விலகலையும் எழுத இடம் உண்டு. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது என்ற ஃபேட்32 கட்டுப்பாடும் இதோடு ஒழியும்.
ஃபார்மேட் எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதனால் முதலில் பென் டிரைவில் மட்டும் இருப்பவற்றை லேப்டாப்புக்கு எடுங்கள். டிரைவுக்குப் பழைய பெயரையே வையுங்கள். பாதையில் 'எஃப்:' போன்ற எழுத்துக்குப் பதில் அந்தப் பெயரைச் சதுர அடைப்புக்குள் கொடுத்தால், எந்தக் கணினி எந்த எழுத்தைக் கொடுத்தாலும் கண்டுபிடித்துக்கொள்ளும்.

அழித்தது முளைப்பதற்கு: ஃபோல்டரின் முதல் நிலையில் 'சிங்க்' என்று தொடங்கும் மறைகோப்பு ஒன்று இருக்குமே, அதை எப்போதாவது நீக்கினீர்களா?

பேரேடு:
ஆமாம். என்னவென்று தெரியாத குப்பை என்று பென் டிரைவைச் சுத்தம் செய்யும்போது நீக்கியிருக்கிறேன். இரண்டு மூன்று தடவை.

நீலத்திரை:
கிடைத்தது. அதுதான் டேட்டாபேஸ். ஒரு பக்கம் கோப்பு இருக்கிறது, மறுபக்கம் இல்லை. இது புதிதாகச் சேர்ந்ததா, அந்தப் பக்கம் அழித்ததா? போன தடவை எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாமல் எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. பதிவு இல்லாதபோது அழிப்பதைவிட நகலெடுப்பதே ஆபத்து குறைவு என்று திரும்ப எழுதிவிடுகிறது. பதிவு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒன்றை நீக்கினாலும் முதல் சிங்க் மாதிரிதான் நடக்கும். ஃபார்மேட்டுக்குப் பிறகும் இதே கதை. அதனால் முதலில் லேப்டாப்பிலிருந்து காலி டிரைவுக்கு ஒரு சிங்க். பிறகு டெஸ்க்டாப்பில் கம்பேர் மட்டும் கொடுத்து, டெஸ்க்டாப்பில் மட்டும் இருப்பதாகக் காட்டும் வரிசையைக் கண்ணால் பார்த்து, வேண்டாதவற்றை அங்கேயே அழித்துவிட்டு சிங்க் கொடுங்கள்.

'மிரர்' முறையை (வலப்பக்கத்தை இடப்பக்கத்தின் நகலாக்குவது) தொட வேண்டாம். இடப்பக்கம் காலி டிரைவும் வலப்பக்கம் கணக்கு ஃபோல்டருமாக மாறி அமைந்தால், வலப்பக்கத்தைக் காலியாக்குவதுதான் அதன் வேலை. ஃபோல்டர்கள் மிகவும் வேறுபடுகின்றன என்று எச்சரிக்கும். அவசரத்தில் யார் படிக்கிறார்கள்!

அரைபைட்:
ஒரு சேர்க்கை. பென் டிரைவில் விண்டோஸ் ரீசைக்கிள் பின் கிடையாது, அங்கே அழிந்தால் அழிந்ததுதான். எஃப்8 போய் அழிக்கும் முறையை 'வெர்ஷனிங்' (அழிக்காமல் பழைய பிரதியை வேறு இடத்துக்கு நகர்த்துவது) ஆக்கி, சிங்க் ஆகும் ஃபோல்டருக்கு வெளியே லேப்டாப் வட்டில் ஓர் இடம் காட்டுங்கள். பெயரிடலில் 'டைம் ஸ்டாம்ப்' தேர்ந்தெடுத்தால் பழைய பிரதி ஒவ்வொன்றும் தேதியோடு தனித்தனியாக நிற்கும்.
எக்செல் திறந்திருக்கும்போது ~$ என்று தொடங்கும் தற்காலிகக் கோப்பு உருவாகும். எஃப்7 தட்டி விலக்கும் பட்டியலில் *\~$* சேர்த்துவிடுங்கள். கணக்கு டேலி மென்பொருளில் என்றால் டேலியை மூடிய பிறகுதான் சிங்க். அதன் தரவு பல கோப்புகளாகப் பிரிந்து கிடக்கும். பாதி பழசும் பாதி புதுசுமாகப் போய்ச் சேர்ந்தால் மறுமுனையில் கம்பெனியே திறக்காமல் போகலாம்.

பேரேடு:
உள்ளடக்க ஒப்பீடு முடிந்தது. 11,800-ல் உண்மையாக வேறுபட்டவை 9, எல்லாமே இங்கே வந்து நான் திருத்தியவை. டிரைவை என்டிஎஃப்எஸ் ஆக்கி லேப்டாப் பக்கம் சிங்க் கொடுத்தாயிற்று. டெஸ்க்டாப் பக்கம் திங்கட்கிழமை.

நீலத்திரை:
அந்த 9 கோப்பின் பெயரைக் குறித்து வையுங்கள். டெஸ்க்டாப்பில் அவையும், அலுவலகத்தில் இதற்கிடையே திருத்தியவையும் மட்டும்தான் வேறுபட்டதாக வர வேண்டும். ஆயிரக்கணக்கில் வந்தால் சிங்க் கொடுக்காமல் அங்கேயும் ஒரு தடவை உள்ளடக்க ஒப்பீடு ஓட்டிப் பாருங்கள்.