இரண்டு விரல் ஆழத் தண்ணீர்

கிருஷ்ணகிரி, பழையபேட்டை

வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். அறைக்குள் வெளிச்சம் போதவில்லை என்று மிஷினைப் பால்கனிக்குக் கொண்டுவந்து நான்கு வருடமாகிறது. முதல் மாடி. கிரில் கம்பிக்கு வெளியே கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் பக்கத்து வீட்டுப் புங்கமரத்தின் கிளை. பகலெல்லாம் சூடேறும் கோட்டை மலைப் பாறை, பொழுது சாய்ந்த பிறகும் எங்கள் தெருவை அடுப்பங்கரையாகவே வைத்திருக்கும்.

முதல் வருடக் கோடையில் ஒரு நாள், துணி அலசும் வாளியின் விளிம்பில் ஒரு கொண்டைக்குருவி உட்கார்ந்து, எட்டாத தண்ணீரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. திறந்த அலகை அது மூடவே இல்லை. தொண்டை படபடவென்று துடித்தது. அன்றைக்கே பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு ஒன்றைக் கழுவித் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மூன்று நாள் எதுவும் வரவில்லை. நான்காம் நாள் அணில் வந்து குடித்தது. அதை மரத்திலிருந்து எத்தனை கண்கள் பார்த்தனவோ, அடுத்த வாரத்துக்குள் தட்டில் இடம் கிடைக்காமல் காத்திருக்கும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

விடியும் முன்பே, தெருவிளக்கு அணையாத நேரத்தில், குண்டுகரிச்சான் பாடிவிட்டு ஒரு வாய் குடித்துப் போகும். ஆறரைக்குத் தவிட்டுக்குருவிகள். ஆறோ ஏழோ ஒன்றாக இறங்கி, ஒன்று குளித்தால் எல்லாம் குளித்து, தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் கிளம்பும். பத்து மணிக்கு மேல் மைனா, சின்னத் தவிட்டுப்புறா, கொண்டைக்குருவி. உச்சிவெயிலில் எந்தச் சத்தமும் இருக்காது. எங்கோ ஒரு குக்குறுவான் மட்டும் பித்தளைப் பாத்திரத்தில் ஒட்டு தட்டுவதைப் போல டொக், டொக் என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் குடிப்பதில் இத்தனை வித்தியாசம் உண்டு என்பது மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. மைனாவும் கொண்டைக்குருவியும் அலகில் கொஞ்சம் அள்ளி, தலையை மேலே தூக்கித் தொண்டைக்குள் இறக்கும். ஒவ்வொரு மடக்குக்கும் இப்படித்தான். புறா அலகை அமிழ்த்தினால் தலையைத் தூக்காமல் ஒரே இழுப்பாக உறிஞ்சிக் குடித்துவிட்டுத்தான் நிமிரும். காகம் குடிக்க மட்டும் வருவதில்லை. எங்கிருந்தோ காய்ந்த பொறைத் துண்டைக் கொண்டுவந்து தட்டில் போடும். சற்றுப் பொறுத்து, ஊறிவிட்டதா என்று அலகால் அழுத்திப் பார்த்துவிட்டு எடுத்துத் தின்னும். அதற்குள் அணில் வந்துவிட்டால் அந்தப் பொறையின்மேல் ஒரு காலை ஊன்றிக்கொள்ளும்.

நான் சொல்ல வந்தது போன வருடம் சித்திரையில் நடந்தது. கத்தரித்துப் போடும் துண்டுத் துணியையும் நூலையும் பால்கனி மூலையில் ஒரு கூடையில் போட்டுவைப்பேன். அணில் அதிலிருந்து பஞ்சும் கிழிசலும் வாய் நிறைய உருட்டிக்கொண்டு போய், சன்ஷேடுக்கு மேல் கூடு கட்டியது. எனக்கு அதில் பெருமை. வேண்டுமென்றே மெல்லிய நூல்களையும் எடுத்து வெளியே வைத்தேன். ஒரு மாலையில் கிரில் கம்பியோரம் படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். ஒரு கொண்டைக்குருவி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாலியஸ்டர் நூல், காலில் மூன்று சுற்று, கம்பியில் இரண்டு சுற்று. அது இழுக்க இழுக்க நூல் இறுகியிருந்தது.

பருத்தித் துணி ஒன்றை அதன்மேல் போட்டு மூடியதும் அடங்கியது. இருட்டானால் பயம் குறையும் போலிருக்கிறது. உள்ளங்கையில் எடையே இல்லை. அந்த எடையில்லாத உடம்புக்குள் இதயம் மட்டும் மிஷின் ஓடுவதைப் போல ஓடிக்கொண்டிருந்தது. நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் கம்பியிலிருந்த சுற்றை முதலில் அறுத்தேன். காலில் இருந்தது தோலுக்குள் பதிந்திருந்தது. ஊசி முனையால் ஒவ்வொரு இழையாகத் தூக்கித் தூக்கி அறுக்கக் கால் மணி நேரம் ஆனது. பின்விரல் கறுத்துப்போயிருந்தது. கையைத் திறந்ததும் புங்கமரத்துக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒரு முழம் நூலும் வெளியில் கிடப்பதில்லை. கூடைக்கு மூடி போட்டிருக்கிறேன். பறவைகள் கூடு கட்டட்டும் என்று நூல், தலைமுடி, நைலான் கயிற்றுப் பிரி ஆகியவற்றை ஆசையாக வெளியே வைப்பவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். தேங்காய் நார் போதும், காய்ந்த புல் போதும்.

உங்கள் வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.


காவேரிப்பட்டணம் அருகே, மாந்தோப்பு வீடு

அக்கா, எங்களுக்குப் பால்கனி இல்லை. திண்ணைதான். அதற்கு முன்னால் பெங்களூரா, செந்தூரா, கொஞ்சம் மல்கோவா. அணிலும் கிளியும் எங்களுக்கு விருந்தாளிகள் அல்ல என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகும் காயில் ஒரு கடி இருந்தாலும் கழித்துவிடுவார்கள். என் அப்பா விடியற்காலையில் தகர டின்னைத் தட்டிக்கொண்டு தோப்பைச் சுற்றிவருவார்.

இரண்டு வருடத்துக்கு முன் போர்வெல் தண்ணீர் கீழே போய், சொட்டுநீர்க் குழாயும் நின்றபோது ஒன்றைக் கவனித்தேன். அணில் அரைப் பிஞ்சைக் கடித்து, சாற்றை மட்டும் நக்கிவிட்டுக் கீழே போடுகிறது. தின்னவில்லை. பசிக்குக் கடித்தது போலத் தெரியவில்லை, தாகத்துக்குத்தான் கடித்திருக்கிறது. மாட்டுக்குக் குடிநீர் வைக்கும் பழைய கல்தொட்டியைத் தோப்பின் நடுவில் நகர்த்திப்போட்டு, லாரித் தண்ணீரில் இரண்டு குடம் அதற்கென்று ஒதுக்கினோம். உதிர்ந்து கிடக்கும் கடிபட்ட பிஞ்சு அந்தப் பருவத்தில் குறைந்தது. என் தோப்பில் நான் கண்டது இவ்வளவுதான். கிளி மட்டும் குறையவில்லை. அது தின்னத்தான் வருகிறது.


ஓசூர், மூன்றாம் மாடி

எங்கள் குடியிருப்பில் மாடப்புறாத் தொல்லைக்காக எல்லா பால்கனியிலும் வலை கட்டியிருக்கிறார்கள். துணி காயப்போடும் கொடிக் கம்பியின் முனை மட்டும் வலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தை மாதக் கடைசியில் அந்த முனையில் ஒட்டடை போல ஏதோ தொங்குவதைப் பார்த்து, துடைப்பத்தோடு போனேன். அருகே போன பிறகுதான் அது தேன்சிட்டின் கூடு என்று தெரிந்தது.

பெண்சிட்டு மட்டும்தான் கட்டியது. ஆண்சிட்டு, அந்த ஊதாவும் மஞ்சளும் மின்னும் அழகன், கூடவே பறந்து வருவான், பாடுவான், ஒரு நாரையும் தொடவில்லை. எங்கள் வீட்டு உத்தரத்து மூலையில் இருந்த சிலந்தி வலையை அவள் அலகில் சுருட்டி எடுத்துப் போவதை என் மாமியாரும் நானும் மூச்சுவிடாமல் பார்த்தோம். அதுதான் பசை. அதன்மேல் மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த பூவிதழ், கம்பளிப்புழுவின் எச்சம். வெளியிலிருந்து பார்த்தால் குப்பை. உள்ளே இலவம்பஞ்சு மெத்தை. வாசலுக்கு மேல் மழைக்கு ஒரு தாழ்வாரம்கூட உண்டு.

இரண்டு முட்டை. அவள்தான் அடைகாத்தாள். குஞ்சு வந்த பிறகுதான் அப்பா வேலைக்கு வந்தார். இருவரும் மாறி மாறிச் சிலந்தியும் சின்னப் பூச்சியும் கொண்டுவந்தார்கள். நாங்கள் அந்தக் கொடியில் துணி போடுவதை நிறுத்திவிட்டோம். மூன்று வாரம் வீட்டுக்குள் துணி காய்ந்தது.

ஒன்பதாம் நாள் காகம் வந்தது. நான் சமையலறையில் இருந்தேன். மாமியார் கத்தினார். ஓடிவருவதற்குள் கூட்டின் அடிப்பாகம் கிழிந்து, பஞ்சு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தாய் அன்று மாலைவரை அலகில் பூச்சியோடு வந்து வந்து, கூடு இருந்த இடத்துக்கு முன்னால் இறக்கை அடித்து நின்றுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான் காகத்துக்குச் சோறு வைப்பதில்லை. மாமியார் அமாவாசைக்கு மட்டும் வைக்கிறார். அதைத் தடுக்க எனக்கு மனமில்லை, ஆனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.


தருமபுரி, ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்

ஓசூர் மகளுக்கு: உங்கள் வேதனை புரிகிறது. அந்தக் காகத்தைப் பற்றி நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு மாடிக்கு நேரே இருக்கும் வேப்பமரத்தில் காகம் கூடு வைத்திருந்தது. ஒரு நாள் ஆண்குயில் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து கூவியது. காகங்கள் இரண்டும் அதைத் துரத்திக்கொண்டு போயின. அந்த நேரத்தில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட பெண்குயில் இலைகளுக்குள்ளிருந்து கூட்டுக்குப் போய்வந்ததைக் கண்டேன். வைகாசியில் அந்தக் கூட்டிலிருந்து வெளியே வந்தவற்றில் ஒன்று காகம், ஒன்று குயில். தன்னைப் போலில்லாத அந்தப் பிள்ளைக்கும் காகம் அலைந்து அலைந்து இரை கொண்டுவந்து ஊட்டியது. 40 டிகிரி வெயிலில், அலகு பிளந்து மூச்சிரைத்துக்கொண்டே ஊட்டியது. உங்கள் தேன்சிட்டுக் குஞ்சும் இப்படி ஒரு வாய்க்குத்தான் போயிருக்கும். அதனால் துக்கம் குறைந்துவிடாது, எனக்குத் தெரியும்.

பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. பழையபேட்டை அம்மா பார்த்த தொண்டைத் துடிப்புதான் அதற்கு விசிறி. வாயைத் திறந்து, வேகமாக மூச்சிரைத்து, ஈரத்தை ஆவியாக்கி உடம்பைக் குளிர்விக்கிறது. இழந்த ஈரத்தைத் திரும்பக் குடித்தாக வேண்டும். அணில் நடுப்பகலில் நிழல் சிமெண்டில் நான்கு காலையும் பரப்பி வயிறு ஒட்டக் கிடப்பதைக் கண்டு, செத்துவிட்டது என்று என்னிடம் ஓடிவந்தவர்கள் உண்டு. அது தரையில் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது. தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டால் போதும்.

வெயில் காலத்தில் குஞ்சு விழுந்துவிட்டது என்று என்னைக் கேட்காத வாரமே இல்லை. இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக இருந்து, தத்தித் தத்திப் போகிறதென்றால் அது பறக்கப் பழகும் பிள்ளை. தாய் அருகிலேயே இருக்கிறாள், நீங்கள் நிற்பதால்தான் இறங்கவில்லை. பூனை இல்லாத ஒரு கிளையில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டைத் தேடித் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது சரியல்ல. தயவுசெய்து வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அந்த நல்லெண்ணத்தாலேயே இறந்துபோன குஞ்சுகளை என் கையில் வாங்கியிருக்கிறேன். கிளிக்குஞ்சு கிடைத்தால் கூண்டு வாங்க ஓடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்க் கிளியை வளர்ப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.


அரூர்

நான் எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் மாடிப்படியில் அணில் ஒன்று வாலை உதறி உதறி, நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. அதோடு தவிட்டுக்குருவிகளும் சேர்ந்துகொண்டன. எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தின. ஷூ அடுக்கும் பலகைக்குப் பின்னால் நாகம். என் பையன் பள்ளிக்கு ஷூ எடுக்கப் போகும் நேரம் அது. தீயணைப்புத் துறையினர் வந்து பிடித்துப் போனார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அணில் கத்தினால் டி.வி.யை நிறுத்திவிட்டு எழுந்து பார்க்கிறோம்.


கிருஷ்ணகிரி, பழையபேட்டை

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதியதை என் மகளிடம் படித்துக் காட்டினேன். போன வருடம் நாங்களும் ஒரு குருவிக் குஞ்சுக்கு இங்க் ஃபில்லரால் தண்ணீர் விட்டோம். அது ஏன் அரை மணியில் போனது என்பது இப்போதுதான் தெரிகிறது. அவள் வெகுநேரம் பேசவில்லை.

ஓசூர் தங்கை தனியாகக் கேட்டிருந்தாள், என்ன தட்டு, எவ்வளவு தண்ணீர் என்று. சந்தையில் பூந்தொட்டி விற்பவரிடமே கிடைக்கும் அகலமான மண் தட்டு. பிளாஸ்டிக்கில் தண்ணீர் கொதித்துவிடுகிறது, எவர்சில்வர் அதைவிட மோசம். ஆழம் இரண்டு விரல் போதும். நடுவில் ஒரு சொரசொரப்பான கல்லை வைத்தால் தேன்சிட்டுக்கும் தேனீக்கும் நிற்க இடம் கிடைக்கும், விழுந்தாலும் ஏறிவிடும். தினமும் காலையில் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். இரண்டு நாள் விட்டால் வழுவழுப்பு ஏறிவிடும், எச்சம் கலந்து நோய் வரும், கொசுவும் முட்டையிடும். தானியம் வைப்பதென்றால் கொஞ்சம் கம்பு, தினை, கேழ்வரகு. முறுக்கு, மிக்சர் என்று உப்புப் போட்டது எதுவும் வேண்டாம். வெயில் படாத மூலையாக, பூனை தாவ முடியாத உயரமாகப் பாருங்கள். பெண்சிட்டு அடுத்த முறை கூடு கட்ட வந்தால், வலைக்கு உட்பக்கம் அவள் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வழி விட முடியுமா என்று குடியிருப்பில் கேட்டுப் பார்.

நேற்று மாலை இங்கே முதல் கோடை மழை. ஆலங்கட்டியோடு அரை மணி நேரம். இன்று காலை தெருவெங்கும் தண்ணீர் தேங்கிக் கிடந்ததால் தட்டுக்கு எதுவும் வரவில்லை. நிரப்பித்தான் வைத்தேன். ஒரு பிளவுஸுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தபோது, பதினோரு மணிவாக்கில், கல்லின்மேல் ஒரு கொண்டைக்குருவி வந்து நின்றது. வலது காலில் பின்விரல் இல்லை. கொஞ்சம் சாய்ந்து நின்று, மூன்று மடக்கு குடித்தது. நான் மிதியை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.