கொட்டகலை குடும்பம் குரூப்: பாரிஸுக்கு யார் யார்?

மாலா அக்கா பாரிஸ்: எல்லோருக்கும் வணக்கம். மகன் கவின் கல்யாணம் ஆவணி பிறந்ததும், ஆகஸ்ட் கடைசியில். வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பாஸ்போட் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மேரியில் கொடுத்துத்தான் அழைப்புக் கடிதம் எடுக்க வேண்டும். அதற்கு நாள் ஆகும்.

சாந்தி சித்தி: ரொம்ப சந்தோஷம்மா

ரவி: மேரி யாரு?

மாலா அக்கா பாரிஸ்: நகரசபைடா

கீதா: என்ன கலர் சாரி?

சுந்தரம் மாமா: அன்பு உறவுகளே, போய் வந்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் மாமா சொல்லவில்லை என்று சொல்லக்கூடாது. போன வருஷம் நாங்கள் போனபோது விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் ரயிலுக்கு ஆளுக்கு 13 யூரோ. நம் இலங்கைக் காசில் 4,500 ரூபாய். ஈபிள் கோபுரத்தின் உச்சிக்கு லிப்டில் போக 36 யூரோ. அதற்கும் பாதி நாள் வரிசை. கோபுரத்தடியில் ஒரு கடையில் பிளேன்டீ கேட்டேன். வெந்நீரும் நூல் கட்டிய பையும் கொண்டுவந்து வைத்துவிட்டு 5 யூரோ வாங்கினான். அது 1,700 ரூபாய்க்கு மேல். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளமே 1,350. கொழுந்து பறிக்கிறவளின் ஒரு நாள் கூலிக்கு அவளால் அங்கே ஒரு கோப்பை சாயம் குடிக்க முடியாது. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ரவி: ஆனால் குடித்தீர்கள்

சுந்தரம் மாமா: காசு கொடுத்தாயிற்றே

கீதா: மாலா அக்கா சாரி கலர்??

சுந்தரம் மாமா: விலையைக்கூட மன்னிக்கலாம். பயம்தான் பெரிய தொல்லை. மெட்ரோவில் கதவருகே நிற்காதீர்கள். கதவு மூடும் நேரம் பார்த்துப் போனைப் பறித்துக்கொண்டு குதித்துவிடுவான். ரயில் கிளம்பிவிடும். அவன் பிளாட்போமில், நாம் உள்ளே. எனக்கு அதுதான் நடந்தது. 2015இல் ஈபிள் கோபுர ஊழியர்களே பிக்பொக்கட் கூட்டத்தின் தொல்லை தாங்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரவி: அங்கேயும் ஸ்ட்ரைக்கா? நம் ஆட்கள்தான் போலிருக்கிறது

ரவி: மாமா அந்தப் போன் நான் வாங்கித் தந்தது. தவணை இன்னும் முடியவில்லை

சுந்தரம் மாமா: அதைத் தனியாகப் பேசலாம்

யோகா அத்தை: (குரல் செய்தி)

கீதா: அத்தை நான் பஸ்ஸில். என்ன சொல்கிறீர்கள்?

யோகா அத்தை: மொன்மார்த் மலையடியில் ஒருத்தன் கையில் நூல் கட்டினான். ஏதோ மலைக்கோயில் காப்பு என்று நான் கையை நீட்டிவிட்டேன். கட்டி முடித்து 20 யூரோ கேட்கிறான். மாமா போலீஸ் போலீஸ் என்று தமிழில் கத்தினார்

ரவி: போலீஸ் எல்லா ஊரிலும் போலீஸ்தான் அத்தை

மாலா அக்கா பாரிஸ்: மாமா, நான் இங்கே 24 வருஷமாக இருக்கிறேன். நாங்களும் மெட்ரோவில்தான் போகிறோம். போனை உள்ளே வையுங்கள் என்று அவர் எத்தனை தடவை சொன்னார்? நீங்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

சுந்தரம் மாமா: உன் வீட்டைக் குறை சொல்லவில்லை மகள். லா கூர்நேவில் நீ போட்ட சாப்பாடும், லா சப்பலில் மாணிக்கப் பிள்ளையார் கோயிலும், அந்தத் தெருவில் சாப்பிட்ட கொத்து ரொட்டியும் குறையே இல்லை. நான் சொல்வது ஊரைப் பற்றி. லூவ்ர் மியூசியத்தில் மோனாலிசாவைப் பார்க்க 22 யூரோ கொடுத்தேன். 77 சென்டிமீட்டர் படம். முன்னால் கண்ணாடி, அதற்கு முன்னால் கம்பி, அதற்கு முன்னால் நூறு பேர் போனைத் தூக்கிக்கொண்டு. நான் பார்த்தது அவர்கள் போனில் தெரிந்த மோனாலிசாவைத்தான். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவருக்கு 32 யூரோவாம். இது என்ன நியாயம்?

ரவி: சீகிரியாவில் வெள்ளைக்காரனிடம் நாம் 35 டாலர் வாங்குகிறோமே

சுந்தரம் மாமா: அது வேறு

ரவி: எப்படி?

சாந்தி சித்தி: அதை விடு, ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் ரூம் விலை கேட்டாயா? நம் ஊரில் நமக்கே படுக்க இடமில்லை

கீதா: எல்ல டவுனிலும் அதேதான். வெள்ளைக்காரனோடு சேர்ந்து நின்றால் ஓட்டோக்காரன் எனக்கும் டாலர் விலை சொல்கிறான்

சுந்தரம் மாமா: பேச்சை மாற்றாதீர்கள். காவலாவது ஒழுங்கா? 2025 ஒக்டோபர் 19, பட்டப்பகலில், அதே லூவ்ரில் லொறியில் ஏணி லிப்டைக் கொண்டுவந்து மாடி ஜன்னலை வெட்டி அரச நகைகளை எடுத்துப் போனார்கள். எட்டு நிமிஷம்கூட ஆகவில்லை. 88 மில்லியன் யூரோ பெறுமதி. அரசாங்க நகைக்கே அந்தக் கதி. நம் கழுத்துச் சங்கிலி எம்மாத்திரம்?

மாலா அக்கா பாரிஸ்: நகை என்றதும்தான் ஞாபகம் வருகிறது. அம்மாவின் அட்டியல் கல்யாணத்துக்கு வேண்டும் சித்தி. மருமகளுக்குப் போட வேண்டும். வருகிறவர்கள் யாராவது கொண்டு வாருங்கள்.

ரவி: ஆகா

மாலா அக்கா பாரிஸ்: சித்தி?

சாந்தி சித்தி: பேங்கில் இருக்கிறதும்மா

மாலா அக்கா பாரிஸ்: லாக்கரிலா, அடகிலா?

கீதா: அம்மா போன் சார்ஜில் இருக்கிறது அக்கா

மாலா அக்கா பாரிஸ்: இப்போதுதானே பதில் போட்டார்

சுந்தரம் மாமா: அதைக் கையில் கொண்டுபோவதும் சரியில்லை. மெட்ரோவில் பறிபோனால் யார் பொறுப்பு? கல்யாணத்தையே இங்கே ஹட்டனில் மாணிக்கப் பிள்ளையார் கோயிலில் வைத்தால் என்ன? எல்லோரும் வருவோம்.

மாலா அக்கா பாரிஸ்: என் கல்யாணம் ஹட்டனில்தான் நடந்தது மாமா. யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை என்று அதற்கு நீங்கள் வரவில்லை. உங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை.

ரவி: ...

யோகா அத்தை: அப்போது அவருக்குக் காய்ச்சல்

மாலா அக்கா பாரிஸ்: சரி அத்தை

சுந்தரம் மாமா: வரமாட்டேன் என்று இப்போது நான் எங்கே சொன்னேன்? எச்சரிக்கைதான் சொன்னேன். விசாவுக்கு 90 யூரோ கட்ட வேண்டும். மறுத்தாலும் திருப்பித் தரமாட்டான். அதையும் எல்லோரும் யோசியுங்கள்.

ரவி: அப்போ மாமா பெயரைப் போடலாமா?

சுந்தரம் மாமா: யோசித்துச் சொல்கிறேன்

யோகா அத்தை: மாலா, என் பெயரைப் போடும்மா. அந்த நேரம் அங்கே பிள்ளையார் தேரும் வரும் இல்லையா? பாஸ்போட் அனுப்புகிறேன்

யோகா அத்தை: (படம்)

மாலா அக்கா பாரிஸ்: அத்தை, இது அடையாள அட்டை

கீதா: சாரி கலர் யாராவது சொல்லுங்களேன்