பொருள்: "மார்ஜின் ஆஃப் எரர்" – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர் – செவ்வாய், காலை 9.40

வணக்கம். வாழ்க்கைச் செலவு, டீசல் மானியம், அரசாங்கத்தின் மீதான திருப்தி, இதையெல்லாம் பற்றி ஒரு கருத்துக்கணிப்பு அறிக்கை தமிழாக்கத்துக்கு வந்திருக்கிறது. 34 பக்கம். வெள்ளி மாலை 5 மணிக்குள் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் ஓடிவிட்டது, "மார்ஜின் ஆஃப் எரர்" (கணிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ± போட்டுச் சொல்வார்களே, அது) மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக நிற்கிறது. மொத்தம் 17 இடத்தில் வருகிறது. போன முறை செய்தவர் ஓரிடத்தில் "பிழை வரம்பு", இன்னோரிடத்தில் "தவறு விகிதம்", அட்டவணைக்குக் கீழே "பிழையின் விளிம்பு" என்று மூன்று விதமாகப் போட்டுவைத்திருக்கிறார். விளிம்பு என்றால் எனக்குச் சாப்பாட்டுத் தட்டுதான் நினைவுக்கு வருகிறது. மலாய்க்காரர்கள் "மார்ஜின் ராலாட்" என்று பாதியை அப்படியே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நமக்கு என்ன சொல்?

ஜெலுத்தோங் ஐயா – செவ்வாய், மதியம் 12.15

தம்பி, புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். இலக்கணத்திலேயே இருக்கிறது: வழுவமைதி. வழாநிலை, வழு, வழுவமைதி மூன்றையும் படிக்காமலா இந்தக் குழுவுக்கு வந்திருப்பீர்கள்? பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்றால் அது திணை வழு. ஆனால் உவப்பினால் சொன்னது என்பதால் அமைத்துக்கொள்கிறோம். வழுதான், ஆனாலும் இவ்வளவு வரை அமையும் என்று ஒப்புக்கொள்கிற மனநிலை தமிழனுக்குத் தொன்றுதொட்டு இருக்கிறது. கணிப்பாளர் சொல்வதும் அதைத்தானே? "இக்கணிப்பின் வழுவமைதி 2.8 விழுக்காடு". வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது.

செந்தூல் அக்கா – செவ்வாய், மாலை 4.05

வழு சரி, அமைதி வேண்டாம். என் தகப்பன் வழி யாழ்ப்பாணம். அங்கே அறிவியல் பாடப்புத்தகத்தில் பிழை என்று எழுத மாட்டார்கள், வழுதான். அளவுகோலில் வருகிற பூச்சிய வழு எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாதாரணம். அதனால் "வழு எல்லை". இரண்டு சொல், மூன்றாவது விளக்கம் தேவையில்லை. பிழை என்கிற சொல்லிலேயே குற்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, "அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்றாவதூஉம்" என்று சிலப்பதிகாரப் பதிகம் சொல்லும்போது கூறெடுப்பில் (சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதில்) வந்த ஏற்ற இறக்கத்தையா சொல்கிறது?

பட்டர்வொர்த் ஆசிரியை – செவ்வாய், இரவு 10.30

அக்கா சொன்ன அந்தக் குற்றம்தான் என் வகுப்பிலும் பிரச்சினை. ஆறாம் ஆண்டு மாணவர்களை வைத்துச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு சின்னக் கணிப்பு எடுத்தோம் (நாசி லெமாக்கா, மீகூனா). அப்புறம் பத்திரிகையில் வந்த ஒரு கணிப்பைக் காட்டி, கீழே "பிழை வரம்பு" என்று போட்டிருக்கிறதே, அதையும் படிக்கச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "பிழை இருக்குன்னு தெரிஞ்சும் திருத்தாம ஏன் டீச்சர் போட்டாங்க?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அவன் கேட்டது நியாயம்தானே.

சந்தையில் நாம் என்ன சொல்கிறோம்? "கூடக்குறைய ஒரு கிலோ இருக்கும்மா." இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம், ஆனால் ரொம்பத் தள்ளிப் போகாது. அறிக்கையில் ± என்று போடுகிறார்களே, அதன் தமிழ் உச்சரிப்பே இதுதான். கொஞ்சம் இறுக்கிக் "கூடுகுறை" என்று வைத்துக்கொண்டால் என்ன?

ஜெலுத்தோங் ஐயா – புதன், காலை 6.50

டீச்சரின் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் கூடுகுறை என்ன தொகை? கூடிய குறை, கூடுகின்ற குறை, கூடும் குறை என்று விரிந்தால் வினைத்தொகை. அப்போது "வளர்ந்துகொண்டே போகிற குறை" என்றாகிவிடும், கணிப்பு நடத்தியவர் உங்கள் மேல் வழக்குப் போடுவார். கூடுதலும் குறைதலும் என்று உம்மைத்தொகையாகக் கொள்ளுங்கள் என்பீர்கள். இரண்டிலும் வல்லினம் மிகாது, ஆகவே எழுத்தைப் பார்த்தும் எது என்று பிரித்தறிய முடியாது. போதாததற்குக் கூடு என்றால் பறவைக் கூடு. குருவிக் கூட்டில் என்ன குறை என்று உங்கள் அந்தப் பையனே கேட்பான்.

பாங்சார் இளவல் – புதன், காலை 8.20

ஊறுகாயும் வினைத்தொகைதான் ஐயா, அது இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறதா என்று யாரும் கவலைப்படுவதில்லை.

என் கருத்து: மார்ஜின் ஆஃப் எரர் என்றே போடுங்கள். படிக்கிறவன் புரிந்துகொள்வான்.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர் – புதன், காலை 8.45

புரிந்துகொள்வானா? இந்த அறிக்கையைத் தமிழில் கேட்டதே, ஆங்கிலத்தில் அவனுக்குப் புரியவில்லை என்பதற்காகத்தானே.

சைபர்ஜெயா அண்ணன் – புதன், இரவு 11.10

எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். நான் பல வருடம் கணிப்புத் துறையில் எண்களோடு குப்பை கொட்டியவன், தமிழ்ப் புலவன் இல்லை. ஆனால் சொல் வைப்பதற்கு முன்னால் பொருள் என்ன என்று ஒரு தடவை பார்த்துவிடலாம்.

1,200 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தால் இந்த மார்ஜின் ±2.8 விழுக்காடு. நாட்டில் 2 மில்லியன் வாக்காளர் இருந்தாலும், மலேசியாவில் 2022 பொதுத்தேர்தலில் இருந்தது போல 21 மில்லியன் இருந்தாலும் அதே 2.8தான். அதைப் பாதியாக்க வேண்டுமானால் 2,400 பேர் போதாது, 4,800 வேண்டும். நூறு முறை இப்படி எடுத்தால் ஏறக்குறைய 95 முறை உண்மை இந்த இடைவெளிக்குள் விழும் என்பதுதான் கணக்கு. ஆக இது யாரோ செய்த தப்பு இல்லை, எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்டதனால் வருவது.

ஐயா, வழுவமைதியில் வழு எது என்று நமக்குத் தெரியும். பசு அம்மை இல்லை என்று தெரிந்தே சொல்கிறோம். இங்கே விலகல் நடந்ததா, எந்தப் பக்கம், எவ்வளவு, ஒன்றும் தெரியாது. தெரிந்தால்தான் திருத்திவிடுவோமே. அதனால் அந்தச் சொல் அழகாக இருக்கிறது, பொருந்தவில்லை.

வரம்பு, எல்லை இரண்டிலும் எனக்கு இன்னொரு பயம். வரம்பு என்றவுடன் பிழை அதைத் தாண்டாது என்று ஆகிவிடுகிறது. 1936ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற ஏடு 10 மில்லியன் வாக்குச்சீட்டுகளை அனுப்பியது, 2 மில்லியனுக்கு மேல் திரும்பி வந்தன. சூத்திரத்தில் போட்டால் ± 0.1 கூட வராது. லாண்டன் வெல்வார் என்றார்கள், ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். யாரைக் கேட்டார்கள், யார் பதில் போட்டார்கள் என்பதில் வந்த கோளாறு அது, எந்த வரம்புக்குள்ளும் அடங்காது. கேள்வியில் "மானியத்தைக் குறைப்பது" என்று கேட்டால் ஒரு பதில் வரும், "மானியத்தைச் சீரமைப்பது" என்று கேட்டால் வேறு பதில் வரும், அதுவும் இந்த 2.8க்குள் கிடையாது. தமிழில் கேள்வி எழுதுகிற தம்பிமார் கொஞ்சம் கவனிக்கவும்.

நம் ஆட்கள் கவனிக்க இன்னொன்று. 1,200 பேரில் இந்தியர் ஏறக்குறைய 7 விழுக்காடு என்றால் 84 பேர். 84 பேருக்கு இது கிட்டத்தட்ட ±11. "இந்தியர்களில் 55 விழுக்காட்டினர் திருப்தி" என்று ஒரு தலைப்பு வந்தால் உண்மை 44ஆகவும் இருக்கலாம், 66ஆகவும் இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு காப்பிக்கடையில் ஒரு வாரம் சண்டை போடுவோம். அதே சமயம் எல்லாவற்றையும் சந்தேகப்படவும் தேவையில்லை. மெர்டேக்கா சென்டர் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணிப்பில் பிரதமர் அன்வாருக்கு 2022 டிசம்பரில் 68 விழுக்காடு ஆதரவு, அடுத்த ஆண்டு அக்டோபரில் 50. அந்தச் சரிவை 2.8 விழுங்கிவிடாது.

டீச்சர் சொன்ன சொல் இந்தப் பொருளுக்குத்தான் கிட்டே வருகிறது. கூடு என்றால் குருவிக் கூடு என்பது பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை.

செந்தூல் அக்கா – வியாழன், காலை 7.30

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பாட்டி சொன்னதும் இதுதானே?

சைபர்ஜெயா அண்ணன் – வியாழன், காலை 7.52

பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால்தான் அக்கா. கிளந்தானும் பினாங்கும் ஒரே பானையில் இருந்தாலும் ஒரே தீயிலா வேகிறது?

ஜெலுத்தோங் ஐயா – வியாழன், காலை 9.15

குலுக்கல் என்று தம்பி சொன்னதும் மனம் உத்திரமேரூருக்குப் போய்விட்டது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் உள்ள குடவோலையை நம் மேடைப் பேச்சாளர்கள் தேர்தல் தேர்தல் என்கிறார்கள். தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது வாக்கெடுப்பா? குலுக்கல் அது. ஆகவே வாக்குப்பெட்டியை விட உங்கள் கணிப்புக்குத்தான் குடவோலை தாயாதி. "ரேண்டம் சேம்பிள்" என்பதற்குக் "குடவோலைக் கூறு" என்று நான் முன்மொழிகிறேன். அகநானூற்றிலும் "கயிறுபிணிக் குழிசி ஓலை" என்று...

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர் – வியாழன், காலை 9.18

ஐயா, மன்னிக்கவும். ஒரு சொல்லுக்குத்தான் உதவி கேட்டேன், இப்போது இரண்டாகிவிட்டது. நாளை 5 மணி.

பாங்சார் இளவல் – வியாழன், மதியம் 1.00

வாக்கெடுப்பு வைத்துவிடலாம். இன்று இரவு 12 வரை. பிழை வரம்பு, வழு எல்லை, வழுவமைதி, கூடுகுறை. என் சொல்லை நானே விலக்கிக்கொள்கிறேன், பயமாக இருக்கிறது. புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டால் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் இங்கேயே எழுதுங்கள்.

பாங்சார் இளவல் – வெள்ளி, காலை 8.05

11 பேர் வாக்களித்தார்கள். பிழை வரம்பு 5, கூடுகுறை 4, வழு எல்லை 1, வழுவமைதி 1. (ஒவ்வொன்றையும் யார் போட்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.)

பட்டர்வொர்த் ஆசிரியை – வெள்ளி, காலை 8.40

ஐந்துக்கும் நாலுக்கும் ஒரே ஒரு வாக்குத்தான் வித்தியாசம். 11 பேருக்குக் கூடுகுறை என்ன வரும் அண்ணே? கணக்குப் போட்டுப் பார்த்தேன், ±30 விழுக்காடு வருகிறது. அப்படியென்றால் யார் முந்தினார் என்றே சொல்ல முடியாதே!

சைபர்ஜெயா அண்ணன் – வெள்ளி, காலை 9.30

டீச்சர், கணக்கு சரி, ஆனால் இங்கே போடக் கூடாது. நாம் யாரும் குலுக்கலில் வந்தவர்கள் இல்லை, வாய் சும்மா இருக்க முடியாமல் வந்தவர்கள். லிட்டரரி டைஜஸ்ட் கதைதான். இதற்குக் கூடுகுறையே கிடையாது. (சொல் வாயில் நன்றாகத்தான் வருகிறது.)

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர் – வெள்ளி, மாலை 4.47

அனுப்பிவிட்டேன். 17 இடத்திலும் "பிழை வரம்பு"தான். பெரும்பான்மை என்பதற்காக மட்டும் இல்லை, வாடிக்கையாளர் தன் பழைய அறிக்கையில் தேடிப் பார்த்தால் அகப்பட வேண்டும் என்று மதியம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். ஆனால் முதல் பக்கத்தில், முறை பற்றிய பத்தியில், "இந்த எண்கள் 2.8 விழுக்காடு கூடக்குறைய இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறேன். அதை வெட்டுவார்களா என்று திங்கள்கிழமை தெரியும்.

பட்டர்வொர்த் ஆசிரியை – வெள்ளி, மாலை 5.20

நான் திங்கள் வகுப்பில் கூடுகுறை என்றே எழுதப்போகிறேன். கரும்பலகைக்கு வாடிக்கையாளர் இல்லை.

ஜெலுத்தோங் ஐயா – வெள்ளி, இரவு 9.00

வழுவமைதிக்கு விழுந்த ஒரு வாக்கு என்னுடையதில்லை. நேற்று இரவு கரண்டு போய்விட்டது, என்னால் வாக்களிக்க முடியவில்லை. ஆகவே இரண்டு என்று திருத்திக்கொள்ளவும்.