சம்மேதகிரியில் எங்களிடம் "நீங்கள் ஜைனரா?" என்று கேட்டவர்கள்

2023 டிசம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சம்மேதகிரி போய் வந்தேன். வடக்கே சிகர்ஜி என்பார்கள், ஜார்கண்டில் கிரிடீஹ் மாவட்டத்தில் இருக்கும் பாரசநாத் மலைதான். ஜைன சமயத்தின் குருமார்களான 24 தீர்த்தங்கரர்களில் 20 பேர் வீடுபேறு அடைந்த இடம். அப்பா இருந்தவரை "அடுத்த வருஷம் போகலாம், அறுவடை முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்த யாத்திரை. அவர் போன பிறகு, அம்மாவுக்கு 67 வயது ஆகிவிட்டது, இனியும் தள்ளக் கூடாது என்று டிக்கெட் போட்டுவிட்டேன்.

நாங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ் ஜைனர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் நயினார் வீடு என்றால் தெரியும். நெல்லும் மணிலாவும் பயிர் செய்கிற குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பதைத் தவிர, வெளியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது.

பாரசநாத் ஸ்டேஷனில் இறங்கி, ஜீப் பிடித்து, அடிவாரமான மதுபனுக்குப் போனோம். தர்மசாலை வரவேற்பில் என் ஆதார் அட்டையைப் பார்த்தவர் "சென்னையா? சௌகார்பேட்டையா?" என்று இந்தியில் கேட்டார். வடநாட்டு ஜைனர்கள் நிறைய வாழும் சென்னைப் பகுதி அது. இல்லை, வந்தவாசி, நாங்கள் தமிழர்கள் என்றேன். அவர் அட்டையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "அப்படியானால் ஜைனரா?" என்றார். தவறாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். ஆனால் அதே கேள்வியை அன்று ராத்திரிக்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு இந்தி புரியாது, என்ன கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார், நானும் ஊரைக் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லிச் சமாளித்தேன்.

ராத்திரி இரண்டரை மணிக்கு நடக்கத் தொடங்கினோம். ஏறுவது 9 கிலோமீட்டர், மேலே தோங்க் தோங்காகச் சுற்றுவது 9, இறங்குவது 9, மொத்தம் 27. தோங்க் என்பது ஒவ்வொரு தீர்த்தங்கரரும் முக்தி அடைந்த இடத்தில் இருக்கும் சின்னச் சன்னிதி, உள்ளே சிலை கிடையாது, பாதங்கள் மட்டும்தான். மலையில் எதுவும் சாப்பிடுவதில்லை, தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது நிறையப் பேர் கடைப்பிடிக்கும் வழக்கம், அம்மாவும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். அடிவாரத்தில் டோலிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆளின் எடைக்குத் தகுந்த மாதிரிதான் டோலிக் கூலி. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "இன்னொருத்தர் தோள் மேல உட்கார்ந்துக்கிட்டு எனக்கு என்னடா புண்ணியம்?" வாடகைக்கு ஒரு ஊன்றுகோல் வாங்கிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு, துணிச் சாக்ஸோடு நடந்தார். இருட்டில் முன்னும் பின்னும் டார்ச் வெளிச்சம், ஊன்றுகோல் தட்டுகிற சத்தம், யாராவது தாண்டிப் போனால் "ஜெய் ஜினேந்திரா". அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அம்மாவால் பதில் சொல்ல முடிந்தது, ஒருவரையும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

மகாவீரரின் தலைமைச் சீடர் கௌதமருக்கும் அங்கே ஒரு தோங்க் உண்டு, அதை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. அங்கேதான் இந்தூரிலிருந்து வந்த ஒரு பாட்டியும் அவர் பேத்தியும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டிக்கு 70க்கு மேல் இருக்கும். அம்மா வேகத்துக்கு அவர், அவர் வேகத்துக்கு அம்மா. பேத்திக்கு ஆங்கிலம் தெரிந்ததால் நான் பிழைத்தேன். அவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள், இந்த முறை அம்மாவே புரிந்துகொண்டுவிட்டார். பதில் சொல்லவில்லை. சந்திரபிரபர் தோங்க் தனியாகத் தள்ளி இருக்கிறது, இறங்கி ஏறிப் போக வேண்டும், நிறையப் பேருக்குக் கால் விட்டுப்போகிற இடம் அது. அந்த ஏற்றத்தில் அம்மா நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "ணமோ அரிஹந்தாணம்" என்று ஆரம்பித்து, ஜைனர்கள் எல்லாருக்கும் பொதுவான மந்திரமான பஞ்ச நமஸ்காரத்தைச் சத்தமாகச் சொன்னார். பாட்டி இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டார். உச்சரிப்பு கொஞ்சம் வேறு, சொற்கள் அதேதான். அதன் பிறகு இருவரும் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள்.

ஜலமந்திர் தாண்டும்போது ஒரு திகம்பர முனிவர் எதிரே வந்தார், கையில் மயிற்பீலியும் கமண்டலமும். முனிவர்கள் வெளிச்சம் வந்த பிறகுதான் நடப்பார்கள், இருட்டில் சிற்றுயிர் எதுவும் காலில் மிதிபடக் கூடாது. நாங்கள் ஓரமாக நின்று "நமோஸ்து" சொல்லி வணங்கினோம். எந்த ஊர் என்றார். வந்தவாசி என்றால் அவருக்கு எப்படித் தெரியப்போகிறது என்று நினைத்து, தமிழ்நாடு என்றேன். விடவில்லை, தமிழ்நாட்டில் எங்கே என்று கேட்டார். வந்தவாசி என்றதும் அவர் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. "பொன்னூர் மலை!" என்றார்.

குந்தகுந்தாசாரியர் தவம் செய்த மலை அது. திகம்பரர்கள் தினமும் மகாவீரருக்கும் கௌதமருக்கும் அடுத்ததாகப் பெயர் சொல்லி வணங்குகிறவர் அவர், சமயசாரம் எழுதியவர். எங்கள் பக்கம் அவரை ஏலாசாரியர் என்போம், திருக்குறளே அவர் தந்ததுதான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வதுண்டு. முனிவர் ஒருமுறை அங்கே நடந்தே வந்து, உச்சியில் இருக்கும் பாதங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாராம். இந்தூர்ப் பாட்டியிடம் திரும்பி ஏதோ விரிவாகச் சொன்னார். பேத்தி எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "நாம் தினமும் படிக்கிறவர் இவர்கள் மண்ணில் நடந்தவர்."

அப்புறம் முனிவர் என்னைப் பார்த்து, நீ எத்தனை முறை அந்த மலை ஏறியிருக்கிறாய் என்று கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் அரை மணி நேரம். இரண்டு முறை என்று உண்மையைச் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை, பீலியைத் தூக்கி ஆசீர்வதித்துவிட்டு நடந்தார்.

பார்சுவநாதர் தோங்க் கடைசி, மலையிலேயே உயரமான இடம், 1365 மீட்டர். அங்கே அம்மா ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்பா பெயரைச் சொல்லி ஏதோ பேசினார், நான் தள்ளி நின்றேன்.

இறங்கும்போது அம்மாவின் முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு அடி வைக்க முடியவில்லை, வேறு வழியில்லாமல் டோலி. தூக்க வந்த இருவரில் மூத்தவர் சந்தாலிப் பழங்குடியைச் சேர்ந்தவர். அம்மா உட்காருவதற்கு முன் அவரைப் பார்த்துக் கை கூப்பினார், அவர் பதறிப்போய்த் தானும் கூப்பினார். பாதி வழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போது பேச்சுக் கொடுத்தேன். "உங்களுக்கு சிகர்ஜி, எங்களுக்கு மராங் புரு, எங்கள் பெரிய சாமி" என்றார். 2023 ஜனவரியில், இந்த மலையைச் சுற்றுலாத் தலம் ஆக்கக் கூடாது என்று நாடு முழுக்க ஜைனர்கள் தெருவில் இறங்கி, மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். அதே மாதம் சந்தாலிகளும் மலை மேல் தங்களுக்கு உள்ள உரிமைக்காகக் கூடினார்கள், அதை நான் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்து போயிருந்தேன். மலை நமக்குப் புனிதம் என்று பேசும்போது அம்மாவைத் தோளில் சுமந்தவருக்கும் அது புனிதம் என்பதைச் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் எண்ணம். கந்தர்வ நாலாவில் யாத்ரீகர்களுக்குக் கொடுக்கும் சிற்றுண்டியில் தன் பங்கை அம்மா அவர்களோடு பிரித்துத்தான் சாப்பிட்டார்.

இந்தூர்ப் பாட்டி மதுபனில் என் நம்பரை வாங்கிக்கொண்டார். போன் வரும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த மார்கழியில் பேத்திதான் பேசினார், பதினோரு பேர் வேனில் வருகிறோம், பொன்னூர் மலைக்கு வழி சொல்லுங்கள் என்று. வழி சொல்வதாவது, அம்மா விடியற்காலையிலேயே கிளம்பி அடிவாரத்தில் போய் நின்றுவிட்டார். அந்த முட்டியோடு படியேறி, உச்சியில் பாதங்களுக்கு முன்னால் பாட்டியை உட்கார வைத்தார். மாலை ஐந்து மணிக்கெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் எல்லாருக்கும் இலை போட்டாகிவிட்டது. அம்மா தமிழில் பேச, பாட்டி இந்தியில் பதில் சொல்ல, பேத்தியையும் என்னையும் மொழிபெயர்க்கச் சொல்லி இருவருமே கேட்கவில்லை.