டன்னும் சதவீதமும் ஒரே பார் சார்ட்டில் வருமா?

கேள்வி: வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். மாதக் குலை எடை 2,000, 3,000 டன் என்று வருகிறது, குலையிலிருந்து கிடைக்கும் எண்ணெய் விகிதமோ 20 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது, எக்செலில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் விகிதத்தின் பார் கண்ணுக்கே தெரிவதில்லை. என்ன வழி?

பதில்: அண்ணே, பார் சின்னதாக இருப்பதால் கிளிக் ஆகாது. மேலே ஃபார்மட் டேப்பில் இடது ஓரப் பட்டியலில் விகிதத்தின் தொடரை (சீரிஸ்) தேர்ந்தெடுத்து, 'ஃபார்மட் செலெக்‌ஷன்' போய் 'செகண்டரி ஆக்சிஸ்' (இரண்டாவது அச்சு) வையுங்கள். வலப்பக்கம் தனி அளவுகோல் வந்துவிடும்.

கேட்டவர்: வந்தது, ஆனால் இப்போது ஒரு பார் இன்னொன்றை மறைக்கிறது.

பதில்: இரண்டு அச்சிலும் பார் இருந்தால் அப்படித்தான், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். 'சேஞ்ச் சார்ட் டைப்', அப்புறம் 'காம்போ', விகிதத்தை மட்டும் கோடாக்குங்கள். அச்சுகளுக்கு டன், சதவீதம் என்று தலைப்பு கட்டாயம்.

இன்னொருவர்: எனக்கு இரட்டை அச்சில் நம்பிக்கை இல்லை ஐயா. அளவுகோலைக் கொஞ்சம் மாற்றினாலே இல்லாத தொடர்பு இருப்பதுபோலத் தெரியும், மேனேஜர் அதை வைத்து முடிவெடுத்தால் தொல்லை. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு சார்ட் போட்டு மாதங்களை நேராக அடுக்குங்கள், பார் அச்சு பூஜ்யத்திலேயே தொடங்கட்டும்.